ஒரு கேம் கன்சோல் ஏன் விற்கிறது, இன்னொன்று ஏன் தேங்குகிறது? விலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ரிச்சி தெருவில் கேம் கன்சோல் விற்கும் கடையில் இருபது வருடமாக நிற்கிறேன். கவுண்டரில் மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பதையும், கன்சோல் வரலாற்றில் ஆர்வமுள்ள இளைஞர்கள் வந்து கேட்பதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். டாலரில் சொல்வதெல்லாம் அமெரிக்காவில் விற்ற விலை.

விலை குறைவாக வைத்தால் தானாக விற்றுவிடாதா?

விற்காது. ஜப்பானிய கேம் நிறுவனமான செகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலைப் பாருங்கள். 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. அருமையான கருவி. இணையத்தில் விளையாட மோடம்கூட உள்ளேயே இருந்தது. ஆரம்பத்தில் நன்றாகவும் போனது. ஆனால் பிளேஸ்டேஷன் 2 (சுருக்கமாக பிஎஸ்2) வரப்போகிறது என்று சோனி அந்த வருடம் மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. பலர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2000 ஆகஸ்டில் செகா 149 டாலருக்கு இறக்கியது. அக்டோபரில் பிஎஸ்2 வந்தது, 299 டாலருக்கு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. இருந்தும் பிஎஸ்2 தான் ஜெயித்தது. 2001 ஜனவரி 31 அன்று ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாகச் செகா அறிவித்தது. மொத்தம் விற்றது சுமார் 91 லட்சம். பிஎஸ்2 விற்றது 15 கோடிக்கும் மேல்.

அப்படியானால் வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குகிறார்?

இந்த வியாபாரத்தில் விளையாடுபவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். பையன் கேமைப் பார்க்கிறான், அப்பா விலையைப் பார்க்கிறார். பையனுக்குப் பிடித்தால் மட்டும் போதாது. காசு எடுப்பவர் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லவும் அது உதவ வேண்டும். இளைஞர் தன் சம்பளத்தில் தனக்காக வாங்கினாலும் இதேதான். அவருக்குள்ளேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

பிஎஸ்2 விற்ற காலத்தில் ஒரு நாள் சாயங்காலம் வந்த அப்பா, மகன் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறார்கள். பையன் கண்ணாடி அலமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறான். அப்பா விலையைக் கேட்டதும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இதுல டிவிடி படம் ஓடுமா தம்பி?" என்றார். ஓடும் சார் என்று ஒரு படத்தைப் போட்டுக் காட்டினேன். குனிந்து டிஸ்க் தட்டு வெளியே வருவதையும் உள்ளே போவதையும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு மகனிடம், "அப்ப அம்மா கேட்ட டிவிடி பிளேயர் தனியா வாங்க வேண்டாம்ல?" என்றார். சட்டைக்குள்ளிருந்து ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுக்கட்டு வெளியே வந்தது. அவர் வாங்கியது ஒரு டிவிடி பிளேயர். கேம் அதோடு சேர்ந்து வந்தது. விலை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, ஆனால் அவர் கணக்கில் பாதியாகிவிட்டது.

2000-இல் உலகம் முழுக்கப் பல வீடுகளில் இதுதான் நடந்தது. டிவிடி பிளேயர் அப்போது புதுசு, விலையும் அதிகம். பிஎஸ்2 அந்தச் செலவைத் தனக்குள் வாங்கிக்கொண்டது.

'299' கதை என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

1995 மே 11, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சி முதல் முறையாக நடந்தது. செகா தன் சாட்டர்ன் கன்சோல் 399 டாலர் என்றும், செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே கடையில் கிடைக்கும் என்றும் அறிவித்தது. அதன்பின் சோனி சார்பில் மேடை ஏறிய ஸ்டீவ் ரேஸ், "299" என்ற ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அரங்கமே ஆர்ப்பரித்தது.

நூறு டாலர் வித்தியாசத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். கடைக்காரனாக எனக்கு இன்னொன்று உறுத்துகிறது. செகா அவசரமாகச் சரக்கு அனுப்பியது நான்கு கடைத் தொடர்களுக்கு மட்டும். விடுபட்ட கேபி டாய்ஸ் என்ற பொம்மைக் கடைத் தொடர் கோபத்தில் செகா பொருளை அடுக்கவே மறுத்துவிட்டது. கேம் தயாரிப்பாளர்களும் செப்டம்பரை நம்பி வேலை செய்துகொண்டிருந்ததால், சாட்டர்ன் வந்த நேரத்தில் விளையாட அதிகம் கேம்கள் இல்லை. அதிக விலை, குறைவான கேம், கோபத்தில் கடைக்காரர். இந்த மூன்றும் சேர்ந்துதான் சாட்டர்னை அமெரிக்காவில் கவிழ்த்தன.

கன்சோலை நஷ்டத்துக்கு விற்கிறார்கள் என்பது உண்மையா?

பல கன்சோல்களில் உண்மை, குறிப்பாக வெளிவந்த முதல் ஓரிரு வருடங்களில். கன்சோலில் விடுவதைக் கேமில் பிடித்துக்கொள்வார்கள். வேறு நிறுவனம் செய்த கேம் விற்றாலும் அதில் ஒரு பங்கு கன்சோல் நிறுவனத்துக்கு வரும்.

இந்தக் கணக்கு தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு 3டிஓ நல்ல பாடம். ட்ரிப் ஹாக்கின்ஸ் தொடங்கிய அந்த நிறுவனம் கன்சோலைத் தானே தயாரிக்கவில்லை. வடிவமைப்பைக் கொடுத்து, பானாசோனிக் போன்றவர்களைத் தயாரிக்கச் சொன்னது. கேம் செய்பவர்களிடம் ஒரு டிஸ்குக்கு 3 டாலர்தான் வாங்கியது. அது மற்றவர்கள் வாங்கியதைவிட மிகக் குறைவு என்பதால் அவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் பெட்டியைச் செய்யும் பானாசோனிக்குக் கேம் வருமானம் கிடையாது. பெட்டியிலேயே லாபம் பார்த்தாக வேண்டும். எனவே 1993 அக்டோபரில் விலை 699 டாலர். அப்போது செகா, நிண்டெண்டோ கருவிகள் அதில் பாதி விலைக்கும் கீழே கிடைத்தன. தொழில்நுட்பத்தில் 3டிஓ முன்னால் இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் யார் லாபத்துக்காகத் தாங்கள் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்பது வாங்குபவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.

பிஎஸ்3 விலையைவிட மதிப்பு கூடுதலான பொருள் என்கிறார்களே, பிறகு ஏன் தடுமாறியது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, ஏனென்றால் விலையும் மதிப்பும் எவ்வளவு தூரம் விலகிப்போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

2006 நவம்பரில் பிஎஸ்3 இரண்டு விலையில் வந்தது: 499 டாலர், 599 டாலர். அதைப் பிரித்துப் பார்த்த ஐசப்ளை ஆய்வு நிறுவனம், 599 டாலர் கருவியைத் தயாரிக்கவே சுமார் 840 டாலர் ஆகிறது என்று மதிப்பிட்டது. உள்ளே ப்ளூரே, அதாவது டிவிடிக்கு அடுத்து வந்த எச்டி பட டிஸ்க், ஓட்டும் பிளேயர் இருந்தது. அதே வருடம் கடைக்கு வந்த சாம்சங்கின் ப்ளூரே பிளேயர் மட்டுமே ஆயிரம் டாலர். ஆக, காகிதத்தில் பார்த்தால் பிஎஸ்3 கொள்ளை மலிவு. பிஎஸ்2-வில் டிவிடி செய்த வேலையை இங்கே ப்ளூரே செய்யும் என்று சோனி நம்பியது.

ஆனால் வீட்டு நிலவரம் வேறு. டிவிடி வந்தபோது எல்லோரிடமும் இருந்த பழைய டிவியிலேயே அதைப் போட முடிந்தது. வீடியோ கேசட்டுக்கும் டிவிடிக்கும் வித்தியாசம் பாட்டிக்கும் தெரிந்தது. ப்ளூரேயின் அருமை தெரிய எச்டி டிவி வேண்டும். 2006-இல் அது எத்தனை வீட்டில் இருந்தது? இல்லாதவருக்கு ப்ளூரே என்பது அவர் கேட்காத ஒரு பொருள். அதற்கும் சேர்த்துக் காசு கேட்டால் கசக்கத்தானே செய்யும். கூடுதல் நேரம் வேலை பார்த்தாவது வாங்க வேண்டும் என்று மக்கள் நினைக்க வேண்டும் என்கிற பொருளில் பிளேஸ்டேஷனின் தந்தை கென் குட்டராகி பேசியதும் உதவவில்லை. ஒரு வருடம் முன்பே மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 வந்து 299, 399 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது.

இந்தியாவில் 2007 ஏப்ரலில் பிஎஸ்3 39,990 ரூபாய்க்கு வந்தது. விலையைக் கேட்டவர்கள் ஒரு முறை கையில் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "பிஎஸ்2 என்ன விலைண்ணே?" என்று கேட்பார்கள். பக்கத்தில் பெரிய பொருள் இருந்ததாலேயே பிஎஸ்2 மலிவாகத் தெரிந்தது. அந்த வருடம் பிஎஸ்3-ஐக் காட்டி நான் பிஎஸ்2 தான் அதிகம் விற்றேன்.

சோனி கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009 செப்டம்பரில் மெலிந்த மாடலை 299 டாலருக்குக் கொண்டுவந்தது. அதற்குள் எச்டி டிவியும் வீடுகளுக்கு வந்திருந்தது. கடைசியில் 8.7 கோடி விற்றது.

அதே நேரத்தில் நிண்டெண்டோவின் வீ (Wii) கன்சோல் எப்படி அவ்வளவு விற்றது? அதன் கிராபிக்ஸ் சுமார்தானே?

சுமார்தான். எச்டி கிடையாது. ஆனால் 249 டாலர், ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான இடங்களில் வீ ஸ்போர்ட்ஸ் கேமும் உள்ளேயே இருந்தது. கண்ட்ரோலரை டென்னிஸ் மட்டையாக வீசிக் காட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை. பொத்தான்களைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகும் அம்மாக்கள் கடையில் கையை நீட்டி வாங்கி விளையாடிப் பார்த்த ஒரே கன்சோல் இதுதான். காசு கொடுப்பவரே விளையாடுபவராக மாறிவிட்டால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். 10 கோடிக்கும் மேல் விற்றது. நிண்டெண்டோ இதைத் தொடக்கத்திலிருந்தே லாபத்துக்கு விற்றது என்பது கூடுதல் செய்தி.

விற்காத பொருளுக்கு விலையைக் குறைத்தால் பிழைக்குமா?

சில நேரம். நிண்டெண்டோவிலேயே இரண்டு விதமும் நடந்தது.

கையில் வைத்து விளையாடும் 3டிஎஸ் 2011 மார்ச்சில் 249 டாலருக்கு வந்து தேங்கியது. ஐந்தே மாதத்தில், ஆகஸ்டில், 169 டாலருக்கு இறக்கினார்கள். எண்பது டாலர் வெட்டு! முழு விலை கொடுத்து வாங்கியவர்களின் வயிற்றெரிச்சலைத் தணிக்க இருபது பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சத்தோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அந்தப் பொறுப்புணர்ச்சிக்கு எப்போதும் என் மரியாதை உண்டு. அப்புறம் நவம்பரில் ஒரு மாரியோ கேம், டிசம்பரில் மாரியோ கார்ட் கேம். கருவி எழுந்து நின்றது, மொத்தம் 7.5 கோடிக்கு மேல் விற்றது. விலை வெட்டு கதவைத் திறந்தது. உள்ளே வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டது அந்த இரண்டு கேம்கள்.

வீ யூ 2012-இல் வந்தது. பலருக்கு அது புதுக் கன்சோலா, பழைய வீ-க்கு ஒரு தொடுதிரைக் கண்ட்ரோலரா என்றே புரியவில்லை. அடுத்த வருடம் விலையைக் குறைத்தார்கள், பலனில்லை. என்ன பொருள் என்றே தெரியாதவரிடம் விலையைக் குறைத்துச் சொல்லி என்ன செய்ய? மொத்தம் 1.35 கோடியோடு நின்றது.

நூறு டாலர் வித்தியாசம் நிஜமாகவே ஒரு கன்சோல் தலைமுறையின் வெற்றியை முடிவு செய்யுமா?

2013 ஜூனில் எக்ஸ்பாக்ஸ் ஒன் 499 டாலர், பிஎஸ்4 399 டாலர் என்று ஒரே நாளில் அறிவிப்பு வந்தது. எக்ஸ்பாக்ஸில் உடல் அசைவை உணரும் கினெக்ட் கேமராவைக் கட்டாயமாகச் சேர்த்திருந்தார்கள். அந்த நூறு டாலர் எதற்கு என்று கேட்டால் "கேமராவுக்கு" என்பதுதான் பதில், அந்தக் கேமராவை யாரும் கேட்கவில்லை. செகண்ட் ஹேண்ட் டிஸ்குக்குக் கட்டுப்பாடு, தினம் ஒருமுறை இணையத் தொடர்பு என்ற நிபந்தனைகள் வேறு. பத்து நாட்களுக்குள் நிபந்தனைகளைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த வருடம் ஜூனில் கினெக்ட்டை எடுத்துவிட்டு 399-க்கு வந்தார்கள். அதற்குள் நண்பர்கள் கூட்டம் கூட்டமாகப் பிஎஸ்4 பக்கம் போயிருந்தார்கள். நண்பன் எதில் விளையாடுகிறானோ அதைத்தான் பையன் கேட்பான். அந்த இழுப்பு விலையைவிடப் பெரிது.

பெட்டி விலையைத் தவிர வேறு என்ன கணக்குப் பார்க்க வேண்டும்?

பின்னால் வரும் செலவு. 1989-இல் வந்த நிண்டெண்டோவின் கையடக்கக் கருவி கேம் பாய்க்கு வண்ணத் திரைகூடக் கிடையாது, பச்சையும் கருப்பும்தான். செகாவின் கேம் கியர் வண்ணத்தில் ஜொலித்தது. ஆனால் அது ஆறு பேட்டரியை நான்கைந்து மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் அதைவிடப் பல மடங்கு நேரம் ஓடும். பேட்டரி வாங்கிக் கொடுக்கும் அப்பாவுக்கு எது நல்ல கருவி என்று சொல்லவா வேண்டும்? கேம் பாய், வண்ணத்தில் வந்த அதன் அடுத்த பதிப்போடு சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

இதற்கு நேர்மாறு சோனியின் கையடக்கக் கருவி பிளேஸ்டேஷன் வீட்டா. 249 டாலர், கையில் எடுத்தால் வைக்க மனம் வராத திரை. ஆனால் சோனியின் தனி மெமரி கார்டு மட்டுமே ஏற்கும். 32 ஜிபி கார்டு 100 டாலர்! சாதாரணக் கார்டு அதில் ஒரு பகுதி விலைக்குக் கிடைத்த நேரம் அது. பெட்டிக்கு வெளியே ஒளிந்திருக்கும் விலை கண்ணில் படும்போது வருகிற கோபம், எழுதி ஒட்டிய விலைக்கு வராது. நல்ல கருவியை இப்படி வீணாக்கியதில் எனக்கு இன்றும் வருத்தம்.

இந்தியாவில் ஏன் எப்போதும் கூடுதல் விலை?

பிஎஸ்4 அமெரிக்காவில் 399 டாலர். 2014 ஜனவரியில் இங்கே 39,990 ரூபாய். அன்றைய டாலர் மதிப்பில் 399 டாலர் என்பது 25,000 ரூபாயைத் தொடாது. இறக்குமதி வரி, உள்ளூர் வரி, நாணய ஏற்ற இறக்கத்துக்கு வைக்கும் பாதுகாப்பு என்று மேலே ஏறுகிறது. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது, நம் எம்ஆர்பியில் எல்லாம் அடக்கம் என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி வந்தபோது கன்சோலுக்கு 28 சதவீதம் போட்டார்கள், 2019 ஜனவரி முதல் 18 ஆனது.

டிஸ்க் மாடலா, டிஜிட்டல் மாடலா?

பிஎஸ்5 இங்கே 2021 பிப்ரவரி 2 அன்று வந்தபோது டிஸ்க் மாடல் 49,990, டிஸ்க் போட முடியாத, கேமை இணையத்தில் இறக்க வேண்டிய டிஜிட்டல் மாடல் 39,990. பத்தாயிரம் மிச்சம் என்று பலர் டிஜிட்டல் கேட்டார்கள். நான் அவர்களிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுவேன். புதுக் கேம் அப்போது 4,999 ரூபாய். முடித்துவிட்டு டிஸ்க்கை 2,500-க்குக் கைமாற்றினால்கூட நான்கு கேமில் அந்தப் பத்தாயிரம் திரும்பிவிடும். செகண்ட் ஹேண்ட் வாங்கி விளையாடினால் இன்னும் சீக்கிரம். ஆன்லைன் கடையில் தள்ளுபடி வரும்வரை பொறுமையாக இருப்பவருக்கும், ஒரே கேமை வருடம் முழுக்க ஆடுபவருக்கும் டிஜிட்டல் சரி. கைமாற்ற முடிகிற பொருளுக்கு நம் ஊரில் எப்போதும் மதிப்பு கூடுதல், பைக், நகை மாதிரி.

விலை ஏறினாலும் விற்கும் கன்சோல் உண்டா?

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2. வெளிவந்தபோது முதல் ஸ்விட்ச் 299 டாலர், இது 449. 2025 ஜூன் 5 அன்று வந்து நான்கு நாளில் 35 லட்சம் விற்றதாக நிண்டெண்டோ அறிவித்தது. பழைய ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை இதில் ஓடும். ஏற்கெனவே 15 கோடிக்கு மேல் ஸ்விட்ச் விற்றிருக்கிறது. அலமாரியில் இருக்கும் கேம்கள் வீணாகாது என்பதே அந்த வீடுகளுக்குக் காரணம். ஜப்பானில் மட்டும், ஜப்பானிய மொழியில் மட்டும் இயங்கும் மாடலை 49,980 யென்னுக்கும், பல மொழி மாடலை 69,980 யென்னுக்கும் வைத்தார்கள். யென் மதிப்பு சரிந்திருக்கும்போது உள்ளூர் மக்களுக்கு எட்டும் விலையும் வேண்டும், வெளிநாட்டு வியாபாரிகள் அள்ளிப்போகவும் கூடாது. மொழியை வைத்தே வேலி கட்டியது புத்திசாலித்தனமான ஏற்பாடு.

நிண்டெண்டோவுக்கு இங்கே ஏன் கம்பெனி வாரண்டி இல்லை?

ஸ்விட்சை நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. கடைகளில் கிடைப்பது வெளியிலிருந்து கொண்டுவருவது. எனவே கடைக்காரர் தருகிற உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை குறையும் வரை காத்திருக்கலாமா?

முன்பு கண்ணை மூடிக்கொண்டு "காத்திருங்கள்" என்பேன். இரண்டு மூன்று வருடத்தில் கணிசமாகக் குறையும், அதுதான் வழக்கம். இப்போது அந்த வழக்கம் உடைந்துவிட்டது. பிஎஸ்5 இங்கே 49,990-இல் தொடங்கி 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025 ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றினார்கள். தீபாவளி, பொங்கல் நேரத்தில் வரும் தற்காலிகச் சலுகையில் சில ஆயிரம் குறையும். அந்த இரண்டு வாரத்தைப் பிடியுங்கள். அதுவரை, வாங்க நினைக்கும் கன்சோலில் உங்கள் பிள்ளை ஆட விரும்பும் கேம் எது, அவன் நண்பர்கள் எதில் ஆடுகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். அதைக் கேட்காமல் சலுகையை மட்டும் பார்த்து வாங்கிப்போய், ஒரு மாதம் கழித்துப் பெட்டியோடு மாற்றிக் கொடுக்கச் சொல்லி வருபவர்களை ஒவ்வொரு தீபாவளிக்குப் பிறகும் பார்க்கிறேன். சீல் உடைத்த பெட்டியை என்னால் பாதி விலைக்கு மேல் எடுக்க முடிவதில்லை.